எது முந்தி வந்தது

பெரிய வெள்ளம் வந்து போன மறுவருஷம், மலாயாவில் செமோருக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை ரப்பர்த் தோட்டத்தில், இருளாயியின் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் ஆள் இல்லாமல் போனது. புருஷனுக்கு மருந்து வைத்தவள் என்று பேர் வாங்கியிருந்தாள். முதலில் அந்தப் பேரை வைத்தவன் வேறு யாருமில்லை, அவள் புருஷன் மாயாண்டியேதான்.

மாயாண்டிக்கு முப்பது வயசு. பால் வெட்டு முடிந்து வந்தால் கூலிக்காரர் லயத்து வாசலில் நின்று கங்காணி நடக்கிற நடையை நடந்து காட்டுவான். வெள்ளைக்காரத் தொரையின் நாய் குரைக்கிறதையும், தொரை அதை அதட்டுகிறதையும் மாறி மாறிச் செய்வான். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிக்கும். சித்திரை மாசத்தில் அது நின்றது. யாரும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. இருளாயி மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள். குளிக்கச் சொன்னால் "அப்புறம்" என்பான். அந்த அப்புறம் வாரக்கணக்கில் வராது. படுப்பான், தூங்கமாட்டான். விடிகாலையில் ஆள் எண்ணும் பெரட்டு வரிசையில் நிற்கும்போது யாராவது இருமினால் சடாரென்று திரும்பி முறைப்பான்.

"அவன் ஏன் இருமினான் தெரியுமா உனக்கு?" என்று வீட்டுக்கு வந்து கேட்பான்.

"சளி புடிச்சிருக்கும்."

"சளியா! நீ அவன் பக்கம்தான் பேசுவே."

ஆனி மாசம், கணக்கு எழுதுகிற கிராணி இவன் மனசில் நினைப்பதைப் பேரேட்டில் எழுதுகிறார் என்றான். நினைத்து முடிக்கும் முன்பே பென்சில் ஓடுகிறதாம். ஆடியில் ஒருநாள், அடுத்த மர நெறையில் வெட்டிக்கொண்டிருந்த இருளாயி, அவன் கத்தியைத் தொங்கவிட்டபடி அசையாமல் நிற்பதைக் கண்டு கிட்டே போனாள். வாயில் விரலை வைத்துப் பேசாதே என்று காட்டினான்.

"ரெண்டு பேரு பேசிக்கிறாங்க. என்கிட்ட இல்ல, என்னைப் பத்தி. 'இப்பக் கத்தியை எறக்கிட்டான். இப்பப் பொண்டாட்டியைப் பாக்குறான்.' நான் என்ன செஞ்சாலும் சொல்லிக்கிட்டே வாரானுங்க."

"யாருங்க? ஒருத்தரையும் காணோமே."

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "தெரியாத மாதிரி கேக்காதே," என்றான்.

இதை இருளாயி யாரிடம் சொல்வது? சொன்னால் புருஷனைப் பைத்தியம் ஆக்குகிறாள் என்பார்கள். வாயை மூடிக்கொண்டாள்.

ஆவணியில் சோற்றில் வாடை அடிக்கிறது என்றான். தட்டைத் தூக்கி முகர்ந்து பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பான். ஒருநாள் தட்டோடு அண்ணன் வீட்டுக்கு நடந்தான். "அண்ணே, இவ சோத்துல என்னமோ போடுறா," என்றான்.

அண்ணன் பழனியப்பன் அடுத்த லயத்தில் இருந்தார். தாய் தகப்பன் போனபிறகு தம்பியைக் கையைப் பிடித்துக் கப்பலேற்றிக் கூட்டி வந்தவர். தம்பி சொன்னால் அவருக்கு அது வேதம். "எந்தம்பி பொய் சொல்லமாட்டான்," என்றார். அன்றிலிருந்து மாயாண்டிக்குச் சாப்பாடு அவர் வீட்டில். அவர் பெண்சாதி மங்களம் வடித்துப் போட்டாள்.

லயம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. கள்ளுக்கடையில் குடித்தது தலைக்கேறிவிட்டது என்றான் ஒருவன். ஆற்றோரத்து ஆலமரத்தில் பயந்திருப்பான் என்றான் இன்னொருவன். பெண்கள் அதையெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் இருளாயி வீட்டு அடுப்பைப் பார்த்தார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் ஜெயபாலன் வந்து நாடி பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார். காய்ச்சல் இல்லை, கள்ளு வாடை இல்லை. "வேலைக்கு டிமிக்கி குடுக்குறான்," என்று மலேரியாவுக்கான கொய்னா மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு எவனைக் கண்டாலும் அந்தச் சந்தேகம்தான்.

புரட்டாசி போய் ஐப்பசி பிறந்தது. தண்ணீர்க் குழாயடியில் மங்களம் இருளாயியின் காதோடு சொன்னாள்: "ஈப்போவுல புந்தோங்குல ஒரு கோடாங்கி இருக்காராம்டி. உடுக்கை அடிச்சுப் பாத்து, எவ வச்ச மருந்தா இருந்தாலும் முறிச்சுடுவாராம். போலாமா?"

"உங்க வீட்டு மாமாவுக்குத் தெரிஞ்சா?"

"அவருக்கு ஏன் தெரியணும்?"

சம்பளம் போட்ட மறுநாள் இருவரும் தீபாவளித் துணி பார்க்கிறோம் என்று சொல்லி ரயிலேறினார்கள். கோடாங்கி இருளாயியை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உடுக்கையை அடித்தார், கொட்டாவி விட்டார், வாழைச்சருகில் மடித்த ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். "மூணு நாளு ரசத்துல கலந்து குடு. குடிக்கிறவனுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா பலிக்காது."

அப்படித்தான், சோற்றில் மருந்து வைக்கிறாள் என்று பழி சுமந்தவள் மருந்து வைத்தாள். தன் வீட்டில் அவன் சாப்பிடாததால் மங்களத்தின் அடுப்படியில், மங்களத்தின் ரசத்தில், பழனியப்பன் இல்லாத நேரம் பார்த்துக் கலந்தாள். கலக்கும்போது, இவன் மூணு மாசமாகச் சொன்னது இன்றைக்கு நிஜமாகிறதே என்று நினைத்தாள். ஆனாலும் கரண்டியை விட்டுக் கிண்டினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மங்களத்தின் கூச்சல் கேட்டு ஓடினாள். மாயாண்டியின் முகம் கொதித்துச் சிவந்திருந்தது. உதடு வெடித்து, நாக்கு ஒட்டிக்கொண்டு, பேச்சு குழறியது. காற்றில் ஏதோ நூலைப் பிடித்துப் பிடித்து இழுத்துச் சுற்றினான். பழனியப்பன் "டேய், தம்பி" என்று தோளைப் பிடித்தால், யாரோ தெரியாத ஆளைப் பார்க்கிறமாதிரி பார்த்தான். இத்தனை மாசத்தில் அண்ணனை அவனுக்கு அடையாளம் தெரியாமல் போனது அன்றுதான்.

டிரசர் வந்து இமையைத் தூக்கினார். "கண்மணி பூரா விரிஞ்சு கெடக்கு," என்றார். குரல் மாறிப்போயிருந்தது. "இது டிமிக்கி இல்ல. யாரு என்ன குடுத்தீங்க?"

இருளாயி அதற்குள் பின்கட்டில் ரசச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். டிரசர் அங்கே வந்து நின்றார்.

"உன் வீட்டுச் சட்டியா இது?"

"இல்லீங்கய்யா. அக்காவோடது."

"அவங்க சட்டியை நீ ஏம்மா இவ்வளவு அவசரமாக் கழுவுறே?"

அவள் கை அப்படியே நின்றது. பழனியப்பனும் அதைப் பார்த்துவிட்டார். "விசம் வச்சுட்டா! என் வீட்டுக்குள்ள பூந்து வச்சுட்டா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "போலீசுல சொல்லாம விடமாட்டேன்!" மங்களம் கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

டிரசர் கடிதம் எழுதினார், தொரை கையெழுத்துப் போட்டார். செமோருக்கு அடுத்த ஸ்டேஷன் தஞ்சோங் ரம்புத்தான். அங்கே மனநோய்க்காரர்களுக்கென்றே பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. மாயாண்டியைத் துணியால் கட்டித் தோட்டத்து மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். இருளாயி மாற்றுச் சேலை எடுக்க உள்ளே போனபோது மங்களம் பின்னாலேயே வந்தாள்.

"எம்பேரை இழுத்துடாதேடி. அவரு என்னை உயிரோட விடமாட்டாரு."

மீதிப் பொட்டலம் இருளாயியின் மடியில் இருந்தது. அதை ஆற்றில் போடலாமா என்று வழியெல்லாம் நினைத்தாள். ரயிலில் பழனியப்பன் தம்பிக்கும் அவளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். டிரசர் எதிரில் உட்கார்ந்து மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தபடி வந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர் இருந்தார். மாயாண்டியின் கண்ணையும் நாடியையும் பார்த்துப் படுக்கையில் போடச் சொல்லிவிட்டு, முதலில் பழனியப்பனை உள்ளே கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்ததால் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த இருளாயிக்கு எல்லாம் கேட்டது.

"உங்கட குடும்பத்தில வேற ஆருக்கும் இப்பிடி வருத்தம் இருந்ததோ?" நோயை வருத்தம் என்பது அவர் ஊர்ப் பேச்சு.

"எங்க வம்சத்துல அப்படி ஒருத்தரும் இல்லீங்க. எல்லாம் இவ வந்த பொறவுதான்."

இருளாயிக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமான புதிதில் மாயாண்டி ஒருதரம் சொல்லியிருக்கிறான், ஊரில் அவர்கள் தாய்மாமன் ஒருவரை மாட்டுக்கொட்டகையில் சங்கிலி போட்டு வைத்திருந்ததாக. சோறு கொண்டுபோகிற வேலை பழனியப்பனுடையதாம். இத்தனை வருஷமும் அந்த மனுஷர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. ஆக, ஒளிக்கிறவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்து அவளைக் கூப்பிட்டார்கள். டாக்டர் கதவைச் சாத்தச் சொன்னார். டிரசர் ஜன்னலோரம் நின்றார்.

"எப்ப தொடங்கினது? முதல் முதல் என்ன வித்தியாசம் கண்டனீங்கள்?"

இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் அதுவரை கேட்டதே இல்லை. என்ன வைத்தாய் என்றுதான் கேட்டார்கள். அவள் சித்திரையிலிருந்து ஆரம்பித்தாள். சிரிப்பு நின்றது, குளியல் நின்றது, இருமல், கிராணியின் பென்சில். டாக்டர் எழுதிக்கொண்டே போனார். காய்ச்சல் வந்ததா, மரத்திலிருந்து விழுந்தானா, கள்ளு எவ்வளவு, அபின் உண்டா, கைகால் வலித்து இழுத்ததா என்று நடுநடுவே கேட்டார். இல்லை, இல்லை என்றாள். தாய்மாமன் கதையையும் சொன்னாள். டாக்டரின் பேனா ஒரு கணம் நின்று பிறகு ஓடியது.

"அந்தக் குரலுகள் அவரோட கதைக்குதோ, அவரைப் பற்றிக் கதைக்குதோ?"

"அவரைப் பத்திங்க. ரெண்டு பேரு. செய்யறதைச் செய்யறதைச் சொல்லிக்கிட்டு இருப்பாங்களாம்."

"வடிவாய், நல்லாய்த் தெரியுமோ?"

"ஆடி மாசம், மரத்தடியில, அவரே சொன்னாருங்க."

டாக்டர் பேனாவை வைத்தார். "கேளுங்கோ அம்மா. எனக்கு இதில ரெண்டு வருத்தம் தெரியுது. கண்மணி விரிஞ்சது, வாய் காஞ்சது, ஆளை ஆரெண்டு மட்டுக்கட்டேலாமல் போனது, இதெல்லாம் ஆரோ குடுத்த நஞ்சு. இது ரெண்டு மூண்டு நாளில இறங்கிவிடும். நீங்கள் சொல்லுற மற்றது ஆறு மாசமாய் மெல்ல மெல்ல வந்தது. அது வேற. ஆனால் நஞ்சும் ஆறு மாசமாய்ப் போனதெண்டால் என்ர கணக்குப் பிழையாய்ப் போகும். எது முந்தி வந்தது எண்டு எனக்குத் தெரியவேணும்."

வெளியே பழனியப்பன் தொண்டையைச் செருமுவது கேட்டது. சொன்னால் போலீஸ். சொல்லாவிட்டால் இவர்கள் தப்பான நோயைப் பார்ப்பார்கள். அவள் டிரசரைப் பார்த்தாள். அவர் கண் அவள் மடியில்தான் இருந்தது.

பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நான்தாங்க வச்சேன். மூணே மூணு நாளு. முறிக்கிற மருந்துன்னு ஈப்போ புந்தோங்குல ஒரு கோடாங்கி சொல்லிக் குடுத்தாருங்க. அவரு சோத்துல வாடை அடிக்குதுன்னு சொன்னப்ப நான் ஒண்ணும் வைக்கலீங்க. அது ஆவணி. இது இப்ப, ஐப்பசி."

டிரசர் சருகைப் பிரித்து, தூளை விரலால் பரப்பி, பொடியாகாத இரண்டு விதையைப் பொறுக்கினார். "ஊமத்தை," என்றார். பிறகு அவளைப் பார்த்தார். "நீ தனியாவா போனே ஈப்போவுக்கு?"

"தனியாத்தான் போனேன்."

டாக்டர் நிதானமாக எழுதினார். எழுதியதை அவளுக்குப் படித்தும் காட்டினார்: நோய் முந்தி வந்தது, தூள் பிந்தி வந்தது, கொடுத்தவளுக்கு அது விஷம் என்று தெரியாது. ஜெயபாலன் சாட்சிக்குக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்துக்காக அவர் கொஞ்சம் யோசித்தார் என்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் போட்டார்.

மூன்றாம் நாள் இருளாயியும் பழனியப்பனும் மறுபடி போனார்கள். மாயாண்டி படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண் பழைய கண். உடம்பில் சூடில்லை. தண்ணீரை வாங்கிச் சிந்தாமல் குடித்தான்.

"வாண்ணே," என்றான். "அண்ணி நல்லாருக்கா?"

பழனியப்பனுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. டாக்டரிடம் திரும்பினார். "பாத்தீங்களா ஐயா! விசம் எறங்கிடுச்சு, எந்தம்பி தெளிஞ்சுட்டான். நோயும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் இந்தச் சண்டாளி செஞ்ச வேலை. இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்."

தெளிந்துவிட்டால் இருளாயி குற்றவாளி. தெளியாவிட்டால் அவன் நோயாளி. எதை வேண்டிக்கொள்வது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மாயாண்டி, அந்த ரெண்டு பேரும் இப்ப எங்க?"

மாயாண்டி தயங்கவே இல்லை. ரயில் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் சொன்னான்: "இங்கதாங்க. சொவத்துக்கு அந்தப் பக்கம். நேத்துத்தான் வந்து சேந்தானுங்க."

"இப்ப என்ன சொல்லுகினம்?"

"'அண்ணன்காரன் வந்துட்டான், கூட்டிட்டுப் போகப் பாக்குறான்'னு சொல்றானுங்க." பிறகு மெல்லத் திரும்பிப் பழனியப்பனைப் பார்த்தான். கோபம் இல்லை, நடுக்கம் இல்லை. "நீயும் அவனுங்க ஆளுதானேண்ணே? கப்பல்லயே எனக்குச் சந்தேகம் இருந்துச்சு."

பழனியப்பன் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "டேய், நான்டா… நான் உங்கண்ணன்டா," என்றார். மாயாண்டி தலையை ஆட்டினான், அதையும் எதிர்பார்த்தேன் என்கிற மாதிரி.

தாழ்வாரத்துக்கு வந்ததும் பழனியப்பன் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். டாக்டரைப் பார்க்காமல், தன் கால் விரலைப் பார்த்தபடி சொன்னார். "எங்க தாய்மாமனும் இப்படித்தாங்க. இதே குரல்ல பேசுவாரு. நான் சோறு கொண்டு போவேன். என்னையும் அப்படித்தான் கேட்டாரு, 'நீயும் அவங்க ஆளாடா'ன்னு. அப்ப எனக்கு ஒம்பது வயசு."

டாக்டர் அவர் தோளில் கை வைத்தார். "இதை நான் கேட்ட அண்டைக்கே சொல்லியிருக்கலாம்," என்றார்.

அந்த நோய்க்கு டாக்டர் இங்கிலீஷில் ஒரு பேர் சொன்னார். இருளாயி இரண்டுதரம் சொல்லிப் பார்த்தாள், வாயில் நுழையவில்லை. டிரசரிடம் தமிழில் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். தமிழில் அவருக்குத் தெரிந்தது பைத்தியம் என்ற ஒரே சொல்தான். அதைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. "மூளையில வர்ற வியாதிம்மா," என்றார். "மருந்து வச்சும் வராது, பேய் புடிச்சும் வராது. முழுசாப் போகும்னு டாக்டரே சொல்லலை. தூக்கம் நின்னாலோ, குளியல் நின்னாலோ, தனியா நின்னு உத்துக் கேட்டாலோ உடனே கூட்டிட்டு வரச் சொன்னாரு."

போலீஸ்காரர் ஒருதரம் தோட்டத்துக்கு வந்தார். டாக்டரின் தாளைப் படித்துவிட்டு, கோடாங்கியைத் தேடிப் போனார். புந்தோங்கில் அந்த வீடு பூட்டிக் கிடந்தது.

பழனியப்பன் இருளாயியிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மங்களம்தான் கார்த்திகை தீபத்தன்று தானாகவே புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் கை ஓங்கினார் என்றும், ஓங்கிய கை பாதியில் நின்றது என்றும், பத்து நாள் அவளோடு பேசவில்லை என்றும் லயத்தில் சொல்லிக்கொண்டார்கள். பதினோராம் நாள் இரண்டு பேரும் இருளாயி வீட்டு வாசலில் வந்து நின்று தண்ணீர் கேட்டார்கள். கொடுத்தாள். பழனியப்பன் குடித்தார். மற்ற லயத்துக்காரர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் யாரும் தண்ணீர் கேட்கவில்லை. அந்தத் தோட்டத்தில் அவள் இருந்தவரைக்கும் சில வீடுகளில் அவள் தொட்ட பாத்திரத்தைக் கழுவித்தான் வைத்தார்கள்.

மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருளாயி தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போய் வந்தாள். முதல் மூன்று தரம் மாயாண்டி அவள் இருக்கிற பக்கமே திரும்பவில்லை. நான்காம் தரம் அவனைக் காய்கறித் தோட்டத்தில் களை பிடுங்க விட்டிருந்தார்கள். பாத்தி ஓரத்தில் குந்தியிருந்தவன், அவள் வந்து நின்றதும் மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தான்.

"ஒண்ணு கேக்கட்டுமா? நீ என் சோத்துல ஏதாச்சும் போட்டியா?"

அவன் சொல்வதை மறுத்துச் சண்டை போட வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லி வைத்திருந்தார். ஆனால் இந்தக் கேள்விக்கு என்ன செய்வது? அவள் அவன் பக்கத்தில் குந்தினாள்.

"போட்டேன். மூணு நாளு, அக்கா வீட்டு ரசத்துல. உங்களுக்கு நல்லாகும்னு நம்பிப் போட்டேன். அது கெட்ட மருந்து. அதுக்கு முந்தி ஒருநாளும் போடலை. இனிமேலும் போடமாட்டேன்."

மாயாண்டி ஒரு களையை வேரோடு பிடுங்கி உதறினான். இன்னொன்றையும் பிடுங்கினான்.

"இங்க எல்லாரும் இல்லேன்னுதான் சொன்னாங்க," என்றான்.

"நான் சொல்றேன்."

அவன் தலையைச் சற்றே சாய்த்தான். சுவருக்கு அப்பால் இருக்கிறவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்கிறானோ என்று அவள் பயந்தாள். கேட்டிருக்கலாம். ஆனால் திரும்பி அவளிடம்தான் பேசினான்.

"என் நெறையை இப்ப யாரு வெட்டுறா?"

"மேல லயத்துப் பத்துமலை வெட்டுறாரு."

"அவனா?" மாயாண்டியின் முகம் சுளித்தது. "கத்தியை ஆழமா விடுவானே. மரம் புண்ணாப் போயிடும். கங்காணிகிட்டச் சொல்லு."

"சொல்றேன்," என்றாள் இருளாயி. பத்து மாசத்தில் அவன் மரத்தைப் பற்றிப் பேசியது அதுதான் முதல்தரம். அவளும் கை நீட்டி, பாத்தியின் இந்தப் பக்கத்திலிருந்து களை பிடுங்க ஆரம்பித்தாள்.